சிக்னல் எடுக்காத மூலை

அந்த ஆஸ்பத்திரியின் இதயப் பிரிவில் அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. எல்லோருக்கும் அவள் சிக்னல். சின்ன வயசு நர்ஸுகளுக்குச் சிக்னல் அக்கா, ஹெட் சிஸ்டருக்கு 'ஏம்மா சிக்னல்'. வார்டு வாசலில் அவள் தலை தெரிந்தால் போதும், "சிக்னல் வருது, ஓவனை ஆஃப் பண்ணு" என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். மைக்ரோவேவ் ஓவனில் பால் சுட வைத்திருந்தவள் பாதிச் சூட்டிலேயே எடுத்துக் குடித்துவிட்டு, ஒன்றும் அறியாதவள் போல வாயைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பாள்.

அங்கே படுத்திருப்பவர்களின் நெஞ்சில் ஒட்டுகள் போட்டு, கழுத்தில் ஒரு சின்னப் பெட்டியைத் தொங்கவிட்டிருப்பார்கள். இதயம் துடிப்பதை அந்தப் பெட்டி காற்றிலேயே அனுப்பும். கூரையில் ஆங்காங்கே இருக்கும் ஆன்டெனாக்கள் அதை வாங்கி, நர்ஸுகளின் மேசையில் இருக்கும் பெரிய திரைக்குக் கொடுக்கும். படுக்கைக்கு ஒரு கோடு. நோயாளி எழுந்து நடக்கலாம், ஜன்னலோரம் நின்று தெருவை வேடிக்கை பார்க்கலாம், கோடு கூடவே போகும். சொல்லும்போது சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே காற்றில் செல்போன்கள், வைஃபை, ஓவன், பார்க்க வந்தவர்கள் காதில் செருகியிருக்கும் சமாச்சாரம் எல்லாம் ஒரே நேரத்தில் பேசினால் பாவம் அந்தப் பெட்டி என்ன செய்யும்? கல்யாண வீட்டுச் சத்தத்தில் மெதுவாகப் பேசுகிறவனின் கதிதான் அதற்கும். திரையில் கோடு அறுந்துவிடும். ஏன் அறுந்தது என்று தேடிப் பிடித்து, குறுக்கே பேசுவதன் வாயை அடைப்பது சிக்னலின் வேலை.

அதற்கு அவளிடம் ஒரு கைக்கருவி உண்டு. காற்றில் ஓடும் அலைகளைக் குன்றும் பள்ளமுமாகப் படம் போட்டுக் காட்டும். நர்ஸுகள் அதற்கு வைத்த பெயர் மோப்பப்பெட்டி. அதைத் தூக்கிக்கொண்டு அவள் நடந்தால், எதிரே வருகிறவர்கள் தானாகவே சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். ஒரு தடவை, தாயை வீட்டிலிருந்தபடி பார்ப்பதற்காக ஒரு மகன் அலமாரி மேல் ஒளித்து வைத்திருந்த கேமராவைக் கையும் களவுமாகப் பிடித்தாள். மகன் வெட்கத்தில் நெளிந்தான். தாய்க்கோ தாங்க முடியாத சந்தோஷம். "என் புள்ள என்னய இவ்வளவு பாக்குறானா!" என்று வார்டு முழுக்கச் சொல்லித் தீர்த்தாள். கேமராவைக் கழற்றும்போது சிக்னலுக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. ஆனாலும் கழற்றினாள். எடுத்த காரியத்தைப் பாதியில் விடுகிற ஜாதி இல்லை அவள்.

அவள் புருஷன் டவுன் பஸ் டிரைவர். அவர் ஓட்டும் பஸ்ஸில் நின்றபடியே தூங்கலாம் என்பார்கள். பிரேக் போட்டதே தெரியாதாம். வீட்டில் வாயைத் திறக்காத மனிதர், ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் ஆளே வேறு. ஏறுகிற ஒவ்வொருவரிடமும் இரண்டு வார்த்தை பேசுவார், ஓடி வருகிறவருக்காக நிறுத்தி வைப்பார், நிறுத்தி வைத்ததற்காகத் திட்டுகிறவரையும் சிரிக்க வைத்துவிடுவார். மகள் வேலைக்கென்று வெளியூர் போன பிறகு வீட்டில் இரண்டே பேர். சாப்பிடும்போது சிக்னல்தான் பேசுவாள். இன்றைக்கு எந்த மாடியில் எது குறுக்கே வந்தது, எந்த அறையில் நன்றாக எடுக்கிறது, எங்கே சுத்தமாக எடுக்கவே இல்லை என்று பேச்சு முழுக்க ஆன்டெனாதான். அவர் தட்டைப் பார்த்தபடி 'ம்' கொட்டுவார்.

"நான் என்ன செவுத்தோடவா பேசிக்கிட்டிருக்கேன்?"

"ம்."

இதில் அவளுக்கு வருஷக்கணக்கான வருத்தம். ஊரில் உள்ளவன் பேச்சையெல்லாம் கேட்கிற மனுஷன், கட்டினவள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று மகளிடம் போனில் புலம்புவாள்.

ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, குனிந்து ஷூ மாட்டிக்கொண்டு நிமிர்ந்தவர் அப்படியே சரிந்தார். அவள் ஓடி வருவதற்குள் எழுந்து உட்கார்ந்து, "வழுக்கிருச்சு" என்றார்.

"காஞ்ச தரைல என்ன வழுக்கும்?"

அவர் கண் மேலே செருகியதை அவள் பார்த்திருந்தாள். அன்றைக்கு அவர் ஷூ வாசலைத் தாண்டவில்லை. வெளியே ஒரு கிளினிக்கில் இடுப்பில் இதயத் துடிப்பைப் பதியும் ரெகார்டரைக் கட்டி ஒரு நாள் முழுக்கத் திரியவிட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் சிக்கவில்லை. அவள் விடவில்லை, தன் ஆஸ்பத்திரிக்கே இழுத்துக்கொண்டு போனாள்.

"அங்கயா? எல்லாரும் என்னய சிக்னல் புருஷன்னு கூப்பிடுவாங்களே" என்றார். கூப்பிட்டார்கள்.

இதய டாக்டர் பூசி மெழுகாமல் பேசுகிற பெண்மணி. "உங்க இதயம் அப்பப்ப சில விநாடி நின்னுட்டு மறுபடி ஓடுதோன்னு சந்தேகம். நிக்கிறது படத்துல விழணும். விழுந்தா தோலுக்கு அடியில ஒரு சின்னக் கருவி வச்சிடலாம். அப்புறம் அது பாத்துக்கும்" என்றார்.

"வச்சா பஸ் ஓட்டலாமா டாக்டர்?"

"பயணிங்க இருக்கிற வண்டிய ஓட்ட உங்க கம்பெனி விடாது. விசாரிச்சிட்டேன். வேற வேலை கொடுப்பாங்க."

"படத்துல ஒண்ணும் விழலன்னா?"

"விழலன்னா நான் எத வச்சு உங்கள நிறுத்தி வைக்கிறது? வீட்டுக்குப் போகலாம்."

அவர் தலையாட்டினார். சிக்னல் அந்த முகத்தைப் பார்த்திருக்கலாம். ஆனால் அவள் அப்போது அவர் கழுத்துப் பெட்டியில் பேட்டரி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவருக்கு ஒன்பதாம் படுக்கை. படுத்த மறுநாளே வினை ஆரம்பித்தது. கோடு அறுந்தால் அந்த வார்டில் 'போச்சு' என்பார்கள். மூணு போச்சு, ஆறு போச்சு, இதோ வந்துடுச்சு. சிக்னலும் வருஷக்கணக்காக அந்த வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று காரிடாரில் நடந்து வரும்போது மேசையிலிருந்து ஹெட் சிஸ்டர் சாவகாசமாக, "ஒன்பது போச்சு" என்றார். கோடுதான் போனது என்று சிக்னலின் புத்திக்குத் தெரிகிறது, கால்களுக்குத் தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சிஸ்டர், இனிமே அந்த வார்த்தைய விட்டுடுங்க. கோடு வரலன்னு சொல்லுங்க."

ஹெட் சிஸ்டருக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வார்த்தையை மாற்றிவிடலாம், கோளாறு அப்படி மாறுமா? பக்கத்துப் படுக்கைகளின் கோடெல்லாம் சீராக ஓட, ஒன்பது மட்டும் பகலில் அடிக்கடி காணாமல் போனது. கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி வந்துவிடும். அந்த இடைவெளியில் இதயம் என்ன செய்தது என்று யாருக்கும் தெரியாது. எதைப் பார்க்கப் படுக்க வைத்தார்களோ அது அந்த இடைவெளியில் நடந்து முடிந்திருந்தால்? சிக்னலுக்குச் சோறு இறங்கவில்லை. அத்தனை பேர் கோட்டையும் சரி செய்கிறவளுக்குத் தன் புருஷன் கோட்டைச் சரி செய்யத் துப்பில்லையா என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

பேட்டரியை மாற்றினாள், ஒட்டுகளை மாற்றினாள். சுவரில் புதிதாக மாட்டியிருந்த டிவியைக் கழற்ற வைத்தாள். பத்தாம் படுக்கைக்காரரைப் பார்க்க வந்த மருமகன் காதில் ஏதோ மின்ன, அவனைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆட்டம் ஆடிவிட்டாள். அது காது கேட்கும் கருவி. அவன் சத்தம் போடாமல் அதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டியபோது அவளுக்கு மானம் போயிற்று. மன்னிப்புக் கேட்டாள், கழற்றி வைத்திருந்த அவனுக்கு அது கேட்கவில்லை. மறுபடி மாட்டச் சொல்லி மறுபடி கேட்டாள்.

கடைசியாக, அவள் தொழிலில் எல்லோரும் செய்கிற காரியத்தைச் செய்தாள். மாற்றிப் பார்ப்பது. ஒன்பதின் பெட்டியைப் பத்துக்கும் பத்தின் பெட்டியை ஒன்பதுக்கும் மாட்டினாள். பெட்டியில் கோளாறென்றால் கோளாறு பெட்டியோடு பத்துக்குப் போக வேண்டும். போகவில்லை. பத்து ஜோராக ஓடியது, ஒன்பது அறுந்தது. அப்படியென்றால் கோளாறு பெட்டியில் இல்லை. அந்த ஆளில். அந்த முடிவு அவளுக்குப் பிடிக்கவில்லை. வேறு யாராவது நோயாளியாக இருந்தால் அங்கேயே புரிந்திருக்கும். புருஷனாகப் போனதால் இன்னொரு தடவை பேட்டரியை மாற்றினாள்.

மதியம் ஹெட் சிஸ்டர், "ஏம்மா சிக்னல், ஒன்பது கோடு வரல" என்றார். அவள் மோப்பப்பெட்டியோடு ஓடினாள். படுக்கை காலி. பாத்ரூம் கதவு திறந்து கிடந்தது. காரிடாரில் யாரும் இல்லை. சர்வீஸ் லிஃப்டைத் தாண்டி, போர்வையும் விரிப்பும் அடுக்கி வைக்கும் துணி அறை இருக்கிறது. அதற்கும் லிஃப்ட் சுவருக்கும் நடுவே ஒரு மூலை. ஒரு பக்கம் கனத்த கான்க்ரீட், மறு பக்கம் இரும்பு ரேக்குகள். மோப்பப்பெட்டியில் குன்றுகள் எல்லாம் படுத்துவிட்டன. அங்கே கவிழ்த்துப் போட்ட ஒரு பிளாஸ்டிக் கூடை மேல் அவர் உட்கார்ந்திருந்தார். நெற்றி முழுக்க வியர்வை. ஒரு கை சுவரில்.

"இங்க என்ன பண்றீங்க?"

"சும்மா. காத்தாட."

"ஜன்னலே இல்லாத இடத்துல காத்தா?"

அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"மயக்கம் வந்துச்சா?"

"லேசா கண்ணு இருட்டுச்சு. இருட்டும்னு முன்னாடியே ஒரு மாதிரி தெரியும். வந்து உக்காந்துட்டா சரியாப் போயிடும்."

"இங்க வந்து உக்காரணும்னு யாரு சொன்னா உங்களுக்கு?"

"யாரு சொல்லுவா? நீதான். லிஃப்ட்டுக்குப் பின்னாடி துணி ரூம் மூலைல ஒரு மண்ணும் எடுக்காதுன்னு. ஆன்டெனா வாங்கி வச்சும் மாட்டலன்னு. எத்தன தடவ சொல்லியிருக்க."

"நீங்கதான் கேக்கவே மாட்டீங்களே!"

"கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்" என்றார் அவர். "எல்லாத்தையும்."

சொல்லக் கூடாது, ஆனால் உண்மை அதுதான். அந்த நேரத்திலும் அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வருஷக்கணக்காகப் பேசியதெல்லாம் வீண் போகவில்லை, இந்த மனுஷன் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார். அடுத்த நிமிஷமே, கேட்டதை எதற்குப் பயன்படுத்தியிருக்கிறார் என்பது உறைத்தது.

"இங்க விழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்? விரிப்பு எடுக்க வர்றவங்க பாத்தாத்தான் உண்டு."

"விழலையே."

"பஸ்ஸுல விழுந்தா? உங்க பின்னாடி அத்தன பேர் உக்காந்திருப்பாங்களே, அவங்க?"

அவர் முகம் சுண்டிவிட்டது. "ஸ்டியரிங்க புடிச்சா எனக்கு வந்ததே இல்ல" என்றார்.

"இதுவரைக்கும்."

"டெப்போல உக்காந்து மத்தவனுக்கு நேரம் போட்டுக் கொடுக்கச் சொல்றியா? அவன் அவன் வண்டிய எடுத்துட்டுப் போறத ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டு? நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் படத்துல ஒண்ணும் விழலன்னா விட்டுடுவாங்க. அதுவரைக்கும் நீ என்னயப் பாக்கலன்னு நெனச்சுக்கோ."

இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. சட்டையில் பட்டன் தைத்துக் கொடு என்று கேட்பதற்கு மேல் எதுவும் கேட்டதில்லை என்று எழுதினால் அதுவும் தப்பு, அவர் சட்டைப் பட்டனை அவரே தைத்துக்கொள்கிறவர். அப்படிப்பட்டவர் கேட்டதை இல்லை என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய்ப் படுக்கையில் விட்டாள். அங்கிருந்து நேரே டாக்டர் அறைக்குப் போனாள்.

டாக்டர் உடனே வந்தார். "மயக்கம் வருதாமே?"

"மயக்கமா? எனக்கா?" என்றார் அவர், கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துகொண்டு. "இவ எதுக்கெடுத்தாலும் பயப்படுவா டாக்டர். மிஷினோடவே இருந்து இருந்து அப்படி ஆயிட்டா."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தனியாக எழுந்து நடக்கக் கூடாது என்று அவரிடம் சொன்னார். வெளியே வந்து சிக்னலிடம், "நீங்க சொல்றத நான் நம்புறேன். ஆனா அவரு இல்லங்கிறாரு. படம் இல்லாம நான் கத்தி வைக்க முடியாது" என்றார்.

அந்த மூலைக்கு வாங்கிய ஆன்டெனா அவள் அறையிலேயே பெட்டி பிரிக்காமல் கிடந்தது. நோயாளி போகாத இடத்துக்கு என்ன அவசரம் என்று தள்ளிப் போட்டவள் அவள்தான். அன்று சாயங்காலமே கேபிளை இழுத்துவிட்டாள். ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தால், பிடிக்க ஆள் இல்லை. ஏணிக்கு ஒரு கால் குட்டை. வார்டு ஆயா சாப்பிடப் போயிருந்தாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். அவர்.

"உங்கள எந்திரிக்கக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல?"

"ஏணி ஆடுது."

"மயக்கம் வர்ற ஆளு ஏணி புடிக்கிறதா?"

"எனக்குத்தான் மயக்கமே வரலையே" என்று ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள் அவள். மயக்கம் வருகிறது என்று அவர் ஒப்புக்கொண்டால் ஏணி இல்லை, ஏணி வேண்டுமென்றால் மயக்கம் இல்லை. ஏறினாள். கூரையில் துளை போட்டாள், தூசி அவர் தலையில் கொட்டியது. அவர் தட்டிவிடக் கையை எடுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார்.

"என்ன மாட்டுறேன்னு தெரியுதுல்ல?" என்று மேலிருந்தபடியே கேட்டாள்.

"தெரியுது."

"இனிமே இங்கயும் எடுக்கும்."

"ஸ்க்ரூ கோணலாப் போகுது பாரு. நேரா வச்சு முடுக்கு" என்றார்.

அவள் இறங்கியதும் ஏணியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் படுக்கைக்குப் போனார். ராத்திரி அவள் கொண்டுவந்த சாப்பாட்டைத் தொடவில்லை. பேச்சும் இல்லை, 'ம்' கூட இல்லை.

மறுநாள் காலை அவள் கீழ் மாடியில் வேறொரு அறையின் கருவியைப் பிரித்து வைத்திருந்தாள். போன் வந்தது. "ஏம்மா சிக்னல், ஓடி வா" என்றார் ஹெட் சிஸ்டர். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறினாள். பாதிப் படியில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. என்ன நடந்தது என்று தெரியாமலே அழுதுகொண்டு ஏறினாள்.

அவர் படுக்கையில் இருந்தார். கண் திறந்திருந்தது. சிவப்பு அலாரம் அடித்ததும் நர்ஸுகள், சிக்னல் முன்பே சொல்லி வைத்திருந்தபடி, நேரே துணி அறை மூலைக்கு ஓடி, சுவரோடு சரிந்து கிடந்தவரைத் தூக்கி வந்திருந்தார்கள். அதற்குள் இதயம் தானாகவே மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. டாக்டர் கையில், அந்த நேரத்துக் கோட்டை அச்சடித்த ஒரு காகித நாடா. அதை அவளிடம் கொடுத்தார்.

சிக்னல் பழக்கத்தில் முதலில் சிக்னலைத்தான் பார்த்தாள். ஒரு பிசிறு இல்லை. குறுக்கே எதுவும் வரவில்லை, எங்கேயும் அறுபடவில்லை. இவ்வளவு சுத்தமான கோட்டை அவள் தன் வேலையில் பார்த்ததே இல்லை. அந்தச் சுத்தமான கோடு நெடுக அவள் புருஷனின் இதயம் துடிக்கவில்லை.

"சாயங்காலமே கருவிய வச்சிடலாம்" என்றார் டாக்டர். "நல்லவேளை" என்று சொல்ல வந்து, படுத்திருந்தவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டு போனார்.

சிக்னல் படுக்கையோரம் உட்கார்ந்தாள். "அங்க எடுக்கும்னு தெரியும்ல? தெரிஞ்சும் ஏன் போனீங்க?"

"நப்பாசைதான். நீ மாட்டினது வேலை செய்யாம இருந்துடாதான்னு." போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார். "வழில தோணுச்சு, வேற எங்க விழுந்தாலும் யாரு வருவாங்களோன்னு. அங்கன்னா வருவாங்க. அப்புறம் நடையத் திருப்பத் தோணல."

"ம்" என்றாள் அவள்.

"இனிமே வண்டிய என் கையில தர மாட்டாங்கல்ல?"

மழுப்பியிருக்கலாம். டாக்டரைக் கேட்டுப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கலாம். "தர மாட்டாங்க" என்றாள்.

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். முதலில் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு அடக்க முடியவில்லை. தன் தாய் செத்த அன்றுகூட வீட்டுக்கு வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்த மனிதர், போர்வையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். அவள் அவர் முதுகில் கையை வைத்தாள். அந்த பஸ்ஸுக்கு ஈடாகச் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை, அது அவளுக்குத் தெரியும்.

மேசையிலிருந்து ஹெட் சிஸ்டர் குரல் கொடுத்தார். "ஏம்மா சிக்னல், ஒன்பதுல கோடு தாறுமாறா ஆடுது. குறுக்க என்னமோ வருது, என்னன்னு பாரேன்!"

"ஆடட்டும் சிஸ்டர்" என்றாள் அவள், கையை எடுக்காமலே. "கொஞ்ச நேரம் விட்டுடுங்க."